ஊளைக்குச் சுருதி சேர்த்தவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஊரில் திருவிழா என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு ராட்டினமும் பஞ்சு மிட்டாயும் நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு பயம் வரும். என் தந்தையார் மைக் செட் வேலை பார்ப்பவர். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுவதிலிருந்து, விடியும்வரை ஆம்ப்ளிபயருக்கு அருகில் விழித்திருப்பதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. மேடையில் பேசுபவர் மைக்கைப் பிடித்தபடி ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்துவிட்டால் போதும், காதைக் கிழிக்கும் ஓர் ஊளை எழும்பும். கூட்டம் முழுவதும் என் தந்தையைத் திரும்பிப் பார்க்கும். அவர் ஓடிச் சென்று குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பார். அந்த ஊளை எங்கள் வீட்டுக்கு ஒரு மானப் பிரச்சினை என்றே சொல்லலாம்.

முதலாமாண்டு ஒலியியல் வகுப்பில்தான் அதற்குப் பின்னூட்டம் என்று பெயர் உண்டு என்பதை அறிந்தேன். அதையே இசையாக வாசித்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார் என்று கூறி, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எங்கள் பேராசிரியர் அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்தப் பெயர் மனத்தை விட்டு அகலவில்லை. அன்றிரவு செல்பேசியில் அவருடைய முதல் இசைத்தட்டைத் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் முதல் முறை பிடிக்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது, அந்த ஊளையை ஒரு மனிதர் தாம் நினைத்த சுரத்தில் நிறுத்துகிறார் என்பது விளங்கிற்று. அந்த மனிதரின் வரலாற்றையும், 1967-இல் வெளிவந்த ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு’ என்னும் அந்த இசைத்தட்டு உருவான விதத்தையும் நம் கல்லூரி நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1942 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாட்டில் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆல் ஹெண்ட்ரிக்ஸ் அப்போது இராணுவத்தில் இருந்தார். குழந்தைக்கு ஏறத்தாழ மூன்று வயதாகும்வரை அவர் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. தாய் லூசில் குழந்தைக்கு ஜானி ஆலன் என்று பெயரிட்டிருந்தார். போரிலிருந்து திரும்பிய தந்தை அதை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். பெற்றோர் 1951-இல் மணமுறிவு பெற்றனர். 1958-இல் தாய் இறந்தபோது, இறுதிச் சடங்குக்குக் கூட மகன்கள் அழைத்துச் செல்லப்படவில்லை. தந்தை தோட்ட வேலை செய்து பிழைத்தார். வீட்டில் வறுமைக்குக் குறைவில்லை.

தொடக்கப் பள்ளியில் அச்சிறுவன் எப்போதும் ஒரு துடைப்பத்தைக் கிதார்போல் மார்பில் அணைத்துக்கொண்டு திரிவானாம். இதை ஓராண்டுக்கு மேல் கவனித்து வந்த பள்ளியின் சமூகப் பணியாளர், ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியிலிருந்து இவனுக்கு ஒரு கிதார் வாங்கித்தர வேண்டும், இல்லாவிட்டால் இவன் மனம் பாதிக்கப்படும் என்று எழுதிக் கேட்டார். நிதி கிடைக்கவில்லை. உதவித்தொகையில் படிக்கும் எனக்கு இந்த இடத்தைக் கடந்து மேலே படிக்கச் சற்று நேரமாயிற்று. ஒரு விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் நின்றுபோவது என்றால் என்ன என்பதை என்னைப் போன்ற மாணவர்கள் அறிவர்.

1957-இல் ஒரு மூதாட்டியின் வீட்டுக் குப்பையை அகற்றத் தந்தையுடன் சென்றபோது, ஒரே ஒரு தந்தியுள்ள பழைய யுகுலேலே ஒன்று கிடைத்தது. அந்த ஒற்றைத் தந்தியிலேயே, வானொலியில் கேட்ட பாட்டுகளின் சுரங்களைத் தேடித் தேடி வாசித்தார். அடுத்த ஆண்டு 5 டாலருக்கு ஒரு பழைய கிதார். அதற்கடுத்த ஆண்டு தந்தையே ஒரு மின்கிதாரை வாங்கித் தந்தார். ஓர் இரவு அதை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார், திருடு போயிற்று!

ஜிமி இடக்கையால் வாசிப்பவர். எழுதுவது வலக்கையால், வாசிப்பது இடக்கையால். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளையை ‘நொட்டாங்கை’ என்று கேலி செய்வார்கள். ஜிமியின் தந்தையும் வலக்கையால்தான் வாசிக்க வேண்டும் என்று கண்டித்ததாக ஜிமியின் தம்பி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கான கிதார்கள். ஆகவே அவற்றைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார்.

இதில் ஓர் இயற்பியல் செய்தி அடங்கியிருக்கிறது. அவர் பிற்காலத்தில் விரும்பி வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில், தந்திகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட மூன்று பிக்-அப்கள் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். இவற்றுள் பாலத்திற்கு அருகிலுள்ள பிக்-அப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய தந்தியின் ஒலியை அது பாலத்தின் அருகிலும், தடித்த தந்தியின் ஒலியைச் சற்றுத் தள்ளியும் எடுக்கும். கிதாரைத் தலைகீழாக்கினால் இந்த ஏற்பாடும் தலைகீழாகிவிடும். தடித்த தந்தி கூர்மையாகவும் மெல்லிய தந்தி மென்மையாகவும் ஒலிக்கும். ஜிமியின் கிதார் ஒலி மற்றவர்களுடையதைப் போல் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

திருடப்பட்ட கார்களில் சென்றதாக இருமுறை பிடிபட்ட ஜிமிக்கு, சிறையா இராணுவமா என்ற கேள்வி எழுந்தது. 1961-இல் இராணுவத்தில் சேர்ந்தார். பாரசூட்டில் குதிக்கும் 101-ஆம் படைப் பிரிவு. அங்கும் தந்தைக்கு எழுதிக் கிதாரை வரவழைத்துக்கொண்டார். பில்லி காக்ஸ் என்ற நண்பர் அங்கேதான் கிடைத்தார். 1962-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பின், நிறவெறி கோலோச்சிய தென் மாநிலங்களில், கறுப்பினத்தவருக்கென்றே இருந்த அரங்குகளில் ஊர் ஊராக வாசித்தார். லிட்டில் ரிச்சர்டு, ஐஸ்லி பிரதர்ஸ் போன்ற புகழ்பெற்றவர்களின் பின்னால் நின்று வாசிக்கும் வேலை. பாடகரை மிஞ்சி ஆடக் கூடாது, பளபளப்பாக உடுத்தக் கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகள். வேலை போவதும் வருவதுமாக இருந்தது. இக்காலத்தில், 1965-இல், ஒரே ஒரு டாலரைப் பெற்றுக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது பின்னாளில் பெரிய வழக்காக முளைத்தது.

1966-இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு சிற்றுண்டி அரங்கில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ‘அனிமல்ஸ்’ என்ற ஆங்கிலேய இசைக் குழுவின் சாஸ் சாண்ட்லர் அவரைக் கேட்டார். வாசிப்பதை விட்டு இசைக்கலைஞர்களை உருவாக்கும் தொழிலில் இறங்க எண்ணியிருந்த சாண்ட்லர், ஜிமியை இலண்டனுக்கு அழைத்தார். அங்கே வந்தால் எரிக் கிளாப்டனை அறிமுகப்படுத்துவீர்களா என்பதே ஜிமி கேட்ட கேள்விகளுள் முக்கியமானது. செப்டம்பர் 24 அன்று இலண்டனில் இறங்கினார். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று, ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் நடந்த கிளாப்டன் குழுவின் நிகழ்ச்சியில் மேடையேறி அவருடன் வாசிக்க இடம் கேட்டார். இங்கிலாந்தே கொண்டாடிய கிளாப்டன் அன்று பாதியில் வாசிப்பை நிறுத்திவிட்டு நின்றுவிட்டாராம்.

நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் என்ற இரு ஆங்கிலேய இளைஞர்கள் சேர்க்கப்பட்டனர். ரெடிங் கிதார் வாசிப்பதற்காக வேலை தேடி வந்தவர், அவர் கையில் பேஸ் கிதாரைக் கொடுத்துவிட்டார்கள். மிட்செல் ஜாஸ் பயின்ற டிரம் கலைஞர். இந்த மூவர் சேர்ந்த குழுவின் முதல் இசைத்தட்டு 1966 அக்டோபர் முதல் 1967 ஏப்ரல் வரை, ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்துவதற்கு இடையிடையே, கிடைத்த நேரத்தில் பதிவு செய்யப்பட்டது. பணம் போதாமல் சாண்ட்லர் தம்முடைய பேஸ் கிதார்களை விற்றார். டி லேன் லீ, சி.பி.எஸ்., ஒலிம்பிக் என மூன்று ஒலிப்பதிவுக் கூடங்கள் மாறின. டி லேன் லீ கூடத்திற்கு மேல் மாடியில் ஒரு வங்கி இருந்தது. கணிப்பொறிகள் வரத் தொடங்கிய காலம் அது. கீழே இவர்கள் வாசித்தால் மேலே வங்கிக் கணிப்பொறிகள் கோளாறாகிவிட்டன என்று சாண்ட்லர் கூறியிருக்கிறார். அவ்வளவு சத்தம்!

இன்றைக்கு நம் செல்பேசியிலேயே எண்ணற்ற தடங்களில் பதிவு செய்யலாம். அன்று இலண்டன் கூடங்களில் இருந்தது நான்கு தட நாடாக் கருவி. ஒலிம்பிக் கூடத்தில் எடி கிரேமர் என்ற இளம் ஒலிப்பதிவாளர், டிரம், பேஸ், கிதார் ஆகியவற்றை நான்கு தடங்களிலும் பதிந்து, பின் அவற்றை இன்னொரு கருவியின் இரு தடங்களுக்குச் சுருக்கி மாற்றினார். மீதமுள்ள இரு தடங்களில் முதன்மைக் கிதாரும் குரலும் ஏறின. குரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் பல்லால் தந்தியை மீட்டிய இந்த மனிதருக்குத் தம் குரலைப் பற்றிப் பெருங்கூச்சம். விளக்குகளை மங்கவைத்து, சுற்றிலும் தடுப்புகள் வைத்தால்தான் பாடுவார். மாறாக, கிதாரில் ஐயமே கிடையாது. ‘தி விண்ட் கிரைஸ் மேரி’ என்ற மென்மையான பாட்டு, ஒரு பதிவின் முடிவில் எஞ்சியிருந்த ஏறத்தாழ இருபது நிமிடங்களில் முடிந்துவிட்டது.

இனி அந்த ஊளைக்கு வருவோம். கிதார்த் தந்தியின் அதிர்வு மின்னோட்டமாகி, ஆம்ப்ளிபயரில் பெருகி, ஒலிபெருக்கி வழியே வெளிவருகிறது. கிதாரை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுபோனால், அந்த ஒலியே தந்தியை மீண்டும் அதிரச் செய்யும். அது மீண்டும் பெருகும். எங்கள் ஊர்த் திருவிழாவில் நடப்பதும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தந்திக்கு இயல்பான அதிர்வெண்களும் அவற்றின் மேற்சுரங்களும் இருப்பதால், கிதாரின் ஊளை கண்டபடி எழாமல் அவற்றுள் ஒன்றில் போய் நிற்கும். ஆய்வுக்கூடத்தில் சோனோமீட்டர் கம்பியின் மேல் காகிதத் துண்டு துள்ளி விழும்வரை பாலங்களை நகர்த்துகிறோமே, அதே ஒத்ததிர்வுதான். ஜிமி பாலங்களை நகர்த்தாமல் தம்மையே நகர்த்திக்கொண்டார். ஓரடி முன்னே வந்தால் ஒரு சுரம், சற்றுத் திரும்பினால் அதன் மேற்சுரம். மேடையில் அவர் நெளிந்து வளைந்ததை ஆட்டம் என்று பலர் எண்ணினர். அதில் பாதி அளவீடு என்பது என் கருத்து.

இதை முதன்முதலில் செய்தவர் ஜிமி என்று கூறினால் அது பிழையாகும். பீட்டில்ஸ் குழுவினர் 1964-இலேயே ஒரு பாட்டின் தொடக்கத்தில் இதைப் பதிவு செய்தனர். ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் மேடையில் இதைப் பயன்படுத்தி வந்தார். ஆனால் அவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி, ஒரு வேடிக்கை. ஜிமியின் கையில் அது பாட்டின் சுரங்களோடு சுரமாயிற்று.

‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். நம் முறையில் சொன்னால் சட்ஜமமும் பிரதி மத்தியமமும் மோதிக்கொள்வது போன்ற இடைவெளி. அதையடுத்து வரும் சுரக்கூட்டில் அந்தர காந்தாரமும் சாதாரண காந்தாரமும் ஒருங்கே ஒலிக்கும். அந்தப் பாட்டின் கிதாரில் ஒரு விந்தை ஒலி உண்டு. பிரிட்டிஷ் கடற்படைத் துறையில் அதிர்வு ஆய்வு செய்து வந்த ரோஜர் மேயர் என்பவர் ஆக்டேவியா என்ற சிறு கருவியைச் செய்து கொடுத்திருந்தார். அதனுள் இருந்த தத்துவம் முழு அலைத் திருத்திதான்! 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தைத் திருத்தினால் 100 ஹெர்ட்ஸ் அலைவு கிடைப்பதைச் செய்முறை வகுப்பில் பார்க்கிறோம். அதுபோலவே கிதாரின் சுரம் இருமடங்கு அதிர்வெண்ணில், மேல் ஸ்தாயியில் ஒலித்தது. அலைத் திருத்திப் பதிவேட்டை எழுதியபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் விருப்பத்தோடு எழுதியிருப்பேன்.

இசைத்தட்டின் பெயரைத் தாங்கிய பாட்டில் நாடாவைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். மீட்டிய ஒலி ஓங்கித் தொடங்கித் தேய்வதற்கு மாறாக, மெல்லத் தொடங்கிப் பெருகிச் சட்டென்று அறுந்துவிடும். இன்னொரு பாட்டில் பேச்சின் வேகத்தை மாற்றி வேற்றுக் கோளினரின் குரலாக்கியிருக்கிறார்கள். ‘மேனிக் டிப்ரஷன்’ என்பது திஸ்ர நடையில் சுழல்வது. ராக் இசையில் அந்நாளில் இது அரிது. இவ்வளவு சோதனைகளுக்கும் நடுவே ‘ரெட் ஹவுஸ்’ என்ற பழைய பாணி ப்ளூஸ் பாட்டும் இருக்கிறது. கறுப்பினத்தவரின் துயரத்தில் பிறந்த இசை வடிவம் ப்ளூஸ். அமெரிக்கப் பதிப்பை வெளியிட்ட நிறுவனம் இந்தப் பாட்டைத்தான் நீக்கிவிட்டது. அமெரிக்க மண்ணில் பிறந்த இசையை அமெரிக்கருக்குத் தராமல் விட்டது எனக்கு இன்றும் விளங்காத கணக்கு.

இசைத்தட்டு இங்கிலாந்தில் 1967 மே 12 அன்று வெளிவந்தது. விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறிற்று. முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’. அந்த இசைத்தட்டு வெளியான மூன்றாம் நாள், ஜூன் 4 அன்று, இலண்டன் நிகழ்ச்சியில் ஜிமி அதன் தலைப்புப் பாட்டையே வாசித்துத் தொடங்கினார். பீட்டில்ஸில் இருவர் அரங்கில் அமர்ந்திருந்தனர்.

அதே மாதம் 18-ஆம் நாள் கலிபோர்னியாவின் மாண்டரே நகர இசை விழாவில் அவர் தம் கிதாரை மேடையில் வைத்து எரித்தார். அந்த ஒரே இரவில் அமெரிக்கா முழுவதும் பெயர் பரவிற்று. அன்று பிற்பகல் அதே மேடையில் சிதார் வாசித்தவர் நம் பண்டிட் ரவிசங்கர். இசைக்கருவியைத் தெய்வமாக வணங்கும் மரபில் வந்த அவர், ஒரு கலைஞரே தம் கருவிக்குத் தீ வைத்ததைக் கண்டு மனம் நொந்தார். ஆயுத பூசையன்று ஆம்ப்ளிபயருக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் வீட்டில் வளர்ந்த நானும் இதில் ரவிசங்கர் பக்கமே. ஒற்றைத் தந்தி யுகுலேலேயைக் குப்பையிலிருந்து எடுத்து வாசித்த சிறுவனுக்கு அந்த நெருப்பு எப்படி மனம் வந்தது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். படம் பிடித்தவர்கள் நெருப்பைத்தான் மீண்டும் மீண்டும் காட்டினர். வாசிப்பைக் கேட்க வந்தவர்களைவிட நெருப்பைப் பார்க்க வந்தவர்கள் மிகுந்தனர். இதனால் அவரே பின்னாளில் சலித்துப் போனார்.

அடுத்த மூன்றாண்டுகள் விரைந்து ஓடின. 1967 டிசம்பரில் இரண்டாம் இசைத்தட்டு, 1968 அக்டோபரில் ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’ என்ற இரட்டைத் தட்டு. இது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பதிவுகள் முடிவின்றி நீண்டதால் சாண்ட்லர் இடையிலேயே விலகினார். 1969 ஆகஸ்டு 18 காலை, உட்ஸ்டாக் விழாவில் கூட்டம் பெரும்பகுதி கலைந்தபின், ஜிமி அமெரிக்க நாட்டுப்பண்ணைக் கிதாரில் வாசித்தார். நடுநடுவே குண்டு விழுவதும் விமானம் பாய்வதுமாகக் கிதார் கதறிற்று. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பக்கத்தில் பேஸ் கிதாருடன் நின்றவர் படைமுகாம் நண்பர் பில்லி காக்ஸ். நாட்டை அவமதித்துவிட்டார் என்று பலர் சினந்தனர். தமக்கு அது அழகாகவே பட்டது என்ற கருத்தில் அவர் தொலைக்காட்சியில் அமைதியாக விடை கூறினார்.

பழைய ஒரு டாலர் ஒப்பந்தத்தின் வழக்கைத் தீர்க்க ஓர் இசைத்தட்டையே கொடுக்க வேண்டி வந்தது. ஓயாத பயணமும் போதைப் பழக்கமும் உடலைத் தின்றன. தமக்கென்று நியூயார்க்கில் கட்டிய ‘எலக்ட்ரிக் லேடி’ ஒலிப்பதிவுக் கூடத்தின் திறப்பு விழா 1970 ஆகஸ்டு 26 அன்று நடந்தது. செப்டம்பர் 18 அன்று இலண்டனில் இறந்துபோனார். ஒன்பது தூக்க மாத்திரைகள் உட்கொண்டிருந்தார். வாந்தி மூச்சுக்குழலில் அடைத்தது. விசாரணை அதிகாரி முடிவு எதையும் உறுதி செய்யாமல் விட்டார். வயது 27. என் வயதோடு ஏழைக் கூட்டிப் பார்க்கிறேன்.

அந்த முதல் இசைத்தட்டு மட்டும் ஓயவில்லை. டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் மின்கருவிகளின் பக்கம் திரும்பியதில் ஜிமியின் பங்கு உண்டு. 1974-இல் கில் எவன்ஸ் ஜிமியின் இசையைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு அமைத்தார். 1986-இல் க்ரோனாஸ் குவார்டெட் என்ற நால்வர் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டை வயலின் முதலிய வில் வாத்தியங்களில் பதிவு செய்தனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலமெல்லாம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2005-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த இசைத்தட்டைச் சேர்த்தது. இலண்டன் புரூக் தெருவில் அவர் தங்கியிருந்த மாடி 2016 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் இசை மேதை ஹாண்டல் வாழ்ந்த வீடு அதற்கு அடுத்த சுவர்.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் தந்தைக்கு ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டைப் போட்டுக் காட்டினேன், செல்பேசியை அவருடைய ஆம்ப்ளிபயரிலேயே இணைத்து. முதல் ஊளை எழுந்ததும் அவர் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. பின் கையை எடுத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனின் அப்பா என்ன ஆனார் என்று மட்டும் கேட்டார். ஜிமி உயில் எழுதி வைக்கவில்லை. மகனின் பாட்டுகளுக்கான உரிமை பல கைகள் மாறி, வழக்கு நடந்து, 1995-இல்தான் ஆல் ஹெண்ட்ரிக்ஸிடம் வந்து சேர்ந்தது. 2002-இல் அவரும் காலமானார் என்று சொன்னேன்.